கொசெகி என்னும் எல்லைக்கோடு: டொமோமி இனாடாவை அவரது முகாமே கைவிட்ட கதை

2011 ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலை, சியோலின் கிம்போ விமான நிலையத்தில் வந்திறங்கிய மூன்று ஜப்பானிய நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தென்கொரிய அதிகாரிகள் நாட்டுக்குள் விட மறுத்தார்கள். ஜப்பானியர் தகேஷிமா என்றும் கொரியர் தொக்தோ என்றும் அழைத்து உரிமை கோரும் பாறைத் தீவுகளுக்கு அருகே உள்ள உல்லுங்தோவுக்குச் சென்று, அங்கிருக்கும் தொக்தோ அருங்காட்சியகத்தைப் பார்ப்பதுதான் அவர்களது திட்டம். வந்த விமானத்திலேயே திரும்பிப் போகச் சொன்னபோது மறுத்து, சுமார் ஒன்பது மணி நேரம் விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். இடையில் பிபிம்பாப் சாப்பிட்டதையும், புறப்படும்போது கொரியக் கடற்பாசித் தாள் பொட்டலங்கள் வாங்கிக்கொண்டதையும் கொரிய நாளேடுகள் கேலியோடு எழுதின. ஜப்பானிய வலதுசாரிகளுக்கோ அந்த மூவரும் அன்று வீரர்கள். அவர்களில் ஒரே பெண் டொமோமி இனாடா.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல், பாலினச் சிறுபான்மையினர் குறித்து இனாடா பல ஆண்டுகளாக முன்னின்று தள்ளிய ஒரு சட்டம் நிறைவேறியபோது, அதனால் கொதித்துப்போன நாவலாசிரியர் நவோகி ஹியாகுதா, ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி இனிப் பழமைவாதக் கட்சியே அல்ல என்று சொல்லி, ஜப்பான் பழமைவாதக் கட்சி என்ற பெயரில் புதுக் கட்சியே தொடங்கிவிட்டார். அதற்குள் இனாடா கொள்கை மாறியவர் என்ற வசை வலதுசாரி இதழ்களிலும் இணையத்திலும் பழகிப்போயிருந்தது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில் நடந்தது என்ன என்று பார்த்தால், இனாடாவைவிட ஜப்பானியப் பழமைவாதத்தைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்ளலாம். அண்டை நாடுகளோடு நடக்கும் வரலாற்றுச் சண்டையும் ராணுவமும் போரில் இறந்தவர்களை வணங்கும் யசுகுனி ஆலயமும்தான் அதன் மையம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறோம். அவற்றில் எதிலும் இனாடா பின்வாங்கவில்லை. அப்படியிருந்தும் அவரை வெளியே தள்ளியது குடும்பம் பற்றிய கேள்வி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், கொசெகி எனப்படும் குடும்பப் பதிவேடு.

1959-இல், இப்போது எச்சிஸென் நகரத்தில் அடங்கும் ஃபுகுய் மாகாணப் பகுதியில் பிறந்த இனாடா, வசேதா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1985 முதல் ஒசாகாவில் வழக்கறிஞராகப் பணியாற்றினார், கணவரும் வழக்கறிஞரே. அரசியல் குடும்பத்துப் பிள்ளைகள் தாத்தாவின் தொகுதியை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஒரு நாட்டில், இவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது ஒரு வழக்கு. 1937-இல் ஜப்பானியப் படை சீனாவின் நான்ஜிங் நகரை நோக்கி முன்னேறியபோது, இரண்டு இளம் அதிகாரிகள் யார் முதலில் 100 பேரை வாளால் வெட்டுவது என்று போட்டி போட்டதாக, இன்றைய மைனிச்சியின் முன்னோடியான நாளேடு வீரகாவியம் போலச் செய்தி வெளியிட்டது. போருக்குப் பின் அந்தச் செய்தியே அவர்களுக்கு எதிரான சான்றாகி, 1948-இல் நான்ஜிங்கில் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் போட்டி கட்டுக்கதை, அதைத் திரும்பத் திரும்ப எழுதுவது இறந்தவர்களின் மானத்தைக் கெடுக்கிறது என்று கூறி, 2003-இல் அவர்களின் குடும்பத்தார் மைனிச்சி, அசாஹி நாளேடுகள் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தாருக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் இனாடா. டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் முடிவு மாறவில்லை.

வழக்கில் தோற்றார், ஆனால் அந்த வழக்கைப் பற்றி அவர் கட்சித் தலைமையகத்தில் பேசியதைக் கேட்டவர்களில் பின்னாளில் பிரதமரான ஷின்சோ அபேயும் இருந்தார். சரியாக அந்த நேரத்தில் பிரதமர் ஜூனிச்சிரோ கொய்சுமிக்கு வேட்பாளர்கள் தேவைப்பட்டார்கள். அஞ்சல் துறையைத் தனியார்மயமாக்கும் மசோதா 2005 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மேலவையில் தோற்றதும், கொய்சுமி கீழவையைக் கலைத்து, மசோதாவை எதிர்த்த சொந்தக் கட்சி உறுப்பினர்களுக்கு எதிராகத் தொகுதிதோறும் புது முகங்களை நிறுத்தினார். ஏடுகள் அவர்களுக்கு வைத்த பெயர் ஷிகாக்கு, அதாவது கூலிக்கு அமர்த்திய கொலையாளிகள். ஃபுகுய் முதலாவது தொகுதிக்கு அனுப்பப்பட்ட ஷிகாக்கு இனாடா. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரை அவர் வென்றது வெறும் 373 வாக்குகளில்; களையெடுக்கப்பட வேண்டியவராக இருந்த முன்னாள் கட்சிக்காரர் மூன்றாம் இடத்தில், அதிகம் பின்தங்காமல் நின்றார். அந்த 373 வாக்குகள் எதிர்ப்புறம் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

நாடாளுமன்றத்துக்குள் வந்ததும் அவர் புதிய உறுப்பினர்களைச் சேர்த்து, 'பாரம்பரியமும் படைப்பும்' என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த நாளான ஆகஸ்ட் 15-ஆம் தேதி யசுகுனி ஆலயத்துக்குப் போவதைத் தவறாத கடமையாகக் கொண்டார். 2008-இல், யசுகுனியைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு அரசு சார்ந்த நிதியிலிருந்து 75 லட்சம் யென் கொடுத்தது சரியா என்று கேட்டு, படம் திரைக்கு வருமுன் உறுப்பினர்களுக்குக் காட்டும் ஏற்பாடு நடக்கக் காரணமானார்; அதன் பிறகு எழுந்த பதற்றத்தில் சில திரையரங்குகள் படத்தைக் கைவிட்டன. தடை கேட்கவில்லை, பொதுப்பணம் செலவான விதத்தைத்தான் கேட்டேன் என்பது அவரது விளக்கம். இதை வழக்கறிஞரின் விளக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கம் முக்கியம். உணர்ச்சிமயமான விவகாரத்தை ஒரு சட்டக் கேள்வியாக்கி, ஒரு தாளை முன்வைத்துப் பேசுவதே அவர் பாணி. கட்சி எதிர்க்கட்சி வரிசையில் இருந்த 2011-இல், நீண்டகால நோக்கில் ஜப்பான் சொந்தமாக அணு ஆயுதம் வைத்திருப்பதை வெறும் விவாதமாக அல்லாமல் தேசிய உத்தியாகவே ஆராய வேண்டும் என்றுகூட ஓர் இதழின் உரையாடலில் சொல்லியிருந்தார். பின்னாளில் அமைச்சராக இருந்தபோது எதிர்க்கட்சியினர் அந்த வரிகளை வாசித்துக் காட்டிச் சங்கடப்படுத்தினார்கள்.

2012 டிசம்பரில் அபே மீண்டும் பிரதமரானதும் இனாடாவின் ஏற்றம் வேகம் பிடித்தது. முதலில் நிர்வாகச் சீர்திருத்தத்துக்கும் கட்டுப்பாட்டுத் தளர்வுக்கும் பொறுப்பான அமைச்சர். 'கூல் ஜப்பான்' எனப்படும் பண்பாட்டு ஏற்றுமதியும் அவர் கையில் இருந்ததால், பாரிஸில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குக் கறுப்புச் சரிகை வைத்த கோத்திக் பாவாடையில் போய் நின்று, ஆதரவாளர்களையே திகைக்க வைத்தார். அவர் எப்போதும் அணியும் பெரிய சட்டக் கண்ணாடிகூடப் பார்வைக்குறைக்காக அல்ல. ஜப்பானில் தயாராகும் கண்ணாடிச் சட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஃபுகுய் மாகாணத்தில், பெரும்பாலும் சபாயே நகரத்தில் உருவாகின்றன. அவர் முகம் அந்தத் தொழிலுக்கு ஒரு விளம்பரப் பலகை. 2014-இல் கட்சியின் கொள்கை ஆய்வுக் குழுவுக்குத் தலைவரானார். அரசு பட்ஜெட்டும் சட்டமும் எல்லாம் அந்தக் குழுவின் வாசலைத் தாண்டித்தான் அமைச்சரவைக்குப் போக வேண்டும். அங்கே அவர் செலவைக் கட்டுப்படுத்த வேண்டும், கடனைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர். தாராளமாகச் செலவழிக்கச் சொல்லும் பழமைவாதிகளிடமிருந்து அப்போதே சற்று விலகித்தான் நின்றார். ஆனாலும் அபேக்குப் பிறகு இவர்தான், ஜப்பானின் முதல் பெண் பிரதமர் இவராகத்தான் இருப்பார் என்று ஏடுகள் எழுதிக்கொண்டிருந்தன.

2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் பதவி கிடைத்தது. யூரிகோ கொய்கேவுக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர். பன்னிரண்டு மாதம்கூட அதில் நீடிக்கவில்லை. அந்த ஓராண்டில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையின் சுமார் 350 பேர் கொண்ட பொறியியல் பிரிவு ஒன்று, ஐ.நா. அமைதி காப்புப் பணிக்காகத் தெற்குச் சூடானின் தலைநகர் ஜூபாவில் இருந்தது. போர் நிறுத்தம் நடப்பில் உள்ள இடத்துக்கு மட்டுமே படையை அனுப்பலாம் என்பது ஜப்பானியச் சட்டத்தின் நிபந்தனை. 2016 ஜூலையில் ஜூபாவில் அரசுப் படைக்கும் கிளர்ச்சிப் படைக்கும் இடையே பெரும் மோதல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது அங்கிருந்த பிரிவு தினமும் தலைமைக்கு அனுப்பிய நிப்போ எனப்படும் நாளறிக்கைகளை ஒரு பத்திரிகையாளர் தகவல் உரிமையின் கீழ் கேட்டார். அவை அழிக்கப்பட்டுவிட்டன என்று டிசம்பரில் பதில் வந்தது. 2017 பிப்ரவரியில், அவை இருக்கின்றன என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டது. தாள்கள் வெளியே வந்தபோது அவற்றில் 'செந்தோ', அதாவது சண்டை என்ற சொல் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது.

அந்தச் சொல்தான் வினை. சண்டை நடந்தது என்று அரசு ஒப்புக்கொண்டால், படை அங்கே இருப்பதற்கான அடிப்படையே ஆட்டம் காணும். போரைத் துறக்கும் அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு குறுக்கே வரும். பிப்ரவரி 8-ஆம் தேதி பட்ஜெட் குழுவில் இனாடா சொன்ன பதில் அவரை இன்றுவரை விடாமல் துரத்துகிறது: 9-ஆம் பிரிவின்படி சிக்கலாகும் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பதால் 'ஆயுத மோதல்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்றார். நடந்ததற்கு ஏற்பச் சொல்லைத் தேர்வதற்குப் பதிலாகச் சட்டத்துக்கு ஏற்பச் சொல்லைத் தேர்ந்தோம் என்று ஓர் அமைச்சரே வாய்விட்டுச் சொன்னதாகத்தான் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 9-ஆம் பிரிவைத் திருத்தி ராணுவத்தை ராணுவம் என்றே அழைக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பேசிய ஒருவர், அதே பிரிவுக்காகச் சண்டைக்கு மாற்றுப்பெயர் தேடும் நிலைக்கு வந்ததைவிட அந்தப் பிரிவின் பிடியைக் காட்டும் காட்சி வேறு கிடைக்காது.

தவறுகள் அடுக்கடுக்காக வந்தன. அரசு நிலத்தை மலிவாக வாங்கிய சர்ச்சையில் அப்போது சிக்கியிருந்த மோரிதோமோ கல்வி நிறுவனத்துக்காகத் தாம் வாதாடியதே இல்லை என்று மார்ச்சில் நாடாளுமன்றத்தில் மறுத்தார்; 2004-இல் அவர் நீதிமன்றத்தில் முன்னிலையானதைக் காட்டும் பதிவு வெளிவந்ததும் கூற்றைத் திருத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஜூன் மாதம் டோக்கியோ மாநகர மன்றத் தேர்தல் பிரசாரத்தில், பாதுகாப்பு அமைச்சகம், தற்காப்புப் படை, அமைச்சர் என்ற எல்லா முறையிலும் வேட்பாளருக்கு ஆதரவு கேட்பதாகப் பேசி, படையின் அரசியல் நடுநிலைமையையே கேள்விக்குள்ளாக்கினார். நாளறிக்கைகள் தரைப்படையிடமும் இருந்தன, அதை மறைக்க முடிவெடுத்தார்கள் என்ற விசாரணை முடிவு வெளியானபோது, ஜூலை 28-ஆம் தேதி பதவி விலகினார். அமைச்சகத்தின் உயர்நிலைச் செயலரும் தரைப்படைத் தலைமைத் தளபதியும் அவரோடு பதவி இழந்தார்கள். மறைத்தது தமக்குத் தெரியாது என்பது அவரது நிலை. தெரிந்திருந்தாலும் பிழை, தெரியாமல் இருந்திருந்தால், சீருடைக்காரர்கள் அமைச்சரை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று ஆகிறது. இரண்டில் எது மோசம் என்று சொல்வது கடினம்.

கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. இத்தனைக்கும் பின்னர் பழமைவாத முகாம் அவரைக் கைவிடவில்லை. அபே அவருக்குக் கட்சிப் பொறுப்புகள் கொடுத்துக்கொண்டே இருந்தார். திறமைக் குறைவு என்று முணுமுணுத்தார்களே தவிர, அவர் நம்மவர் என்பதில் எவரும் ஐயப்படவில்லை. அந்த ஐயம் அவர் வேறொரு வாசலைத் தட்டியபோதுதான் வந்தது.

2019 மார்ச்சில் கட்சியின் பெண் உறுப்பினர்களைச் சேர்த்து அவர் ஒரு குழு தொடங்கினார். அதன் முதல் சண்டை, கேட்பதற்குச் சின்ன விஷயம்: கணவனை இழந்த அல்லது மணவிலக்குப் பெற்ற தாய்க்குக் கிடைக்கும் வரிக் கழிவு, மணமே செய்யாமல் பிள்ளை வளர்க்கும் தாய்க்குக் கிடைக்காது. அதையும் கொடுத்தால் மணமின்றிப் பிள்ளை பெறுவதை அரசு ஊக்குவிப்பதாகிவிடும் என்று கட்சியின் பெரியவர்கள் பல ஆண்டுகளாகத் தடுத்துவந்தார்கள். பிள்ளைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டு, பெண் உறுப்பினர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் முடிவான வரித் திருத்தத்தில் பாகுபாடு நீங்கியது.

அடுத்தது குடும்பப்பெயர். ஜப்பானியக் குடிமையியல் சட்டத்தின் 750-ஆம் பிரிவின்படி, மணம் செய்யும் இருவரும் ஒரே குடும்பப்பெயரை ஏற்க வேண்டும். யாருடையது என்பதை அவர்களே தீர்மானிக்கலாம் என்றாலும், நூற்றுக்குச் சுமார் 95 தம்பதியரில் பெயரை விடுவது மனைவிதான். விரும்புவோர் தனித்தனிப் பெயரோடு இருக்கலாம் என்று நீதி அமைச்சகத்தின் ஆலோசனைக் குழு 1996-இலேயே பரிந்துரைத்தது. அது சட்டமாகாமல் தடுத்துவருவது இனாடாவின் முகாம். முன்பு அவரும் அதில் முன்வரிசையில் இருந்தவர். எதிர்ப்பின் வேர் கொசெகியில் இருக்கிறது. மெய்ஜி அரசு 1872-இல் நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்த இந்தப் பதிவேடு, குடிமகனைத் தனி ஆளாகப் பதிவதில்லை. தம்பதியையும் மணமாகாத பிள்ளைகளையும் ஒரே பெயரின் கீழ் ஓர் அலகாகவே பதிகிறது. பிறப்பு, மணம், மணவிலக்கு, தத்து, இறப்பு எல்லாம் அந்தத் தாளில் ஏறும். இரண்டு பெயர்கள் வந்தால் அந்த அலகு உடையும், அலகு உடைந்தால் குடும்பம் உடையும், குடும்பம் உடைந்தால் நாடு உடையும் என்பது பழமைவாதிகளின் தர்க்கச் சங்கிலி.

இனாடா முன்வைத்தது முழுமையான தனிப்பெயர் முறையும் அல்ல. கொசெகியில் ஒரே பெயர் இருக்கட்டும். ஆனால் விரும்புகிறவர் அறிவிப்புக் கொடுத்து, மணத்துக்கு முந்தைய பெயரைச் சட்டப்படியே தொடர்ந்து பயன்படுத்த வழி செய்யலாம் என்றார். தாளைத் தொடாமல் மனிதருக்கு வழி தேடும் ஒரு வழக்கறிஞரின் சமரசம் இது. 2025 அக்டோபரில் ஜப்பானின் முதல் பெண் பிரதமரான சனாயே தகாய்ச்சியும் மணத்துக்கு முந்தைய பெயரின் பயன்பாட்டை விரிவாக்கலாம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருபவர்தான். அவர் அதை வழக்குப்பெயராக வைத்துக்கொள்ளச் சொன்னார், இவர் அதற்குச் சட்ட வலு கேட்டார். தொலைவிலிருந்து பார்த்தால் மயிரிழை வேறுபாடு. அந்த மயிரிழையில் ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே. 2021 கட்சித் தலைவர் தேர்தலில் அபே தூக்கிப்பிடித்தது இனாடாவை அல்ல, தகாய்ச்சியை.

முறிவை முழுமையாக்கியது பாலினச் சிறுபான்மையினர் குறித்த மசோதா. 2016-இல் கொள்கை ஆய்வுக் குழுவின் தலைவராக இருந்தபோதே இதற்கெனக் கட்சிக்குள் தனிக் குழு அமைத்தவர் இனாடா. 2021 மே மாதம் அந்தக் குழுவுக்கே தலைவராக இருந்து, எதிர்க்கட்சிகளோடு பேசி, பாகுபாடு அனுமதிக்கத்தக்கதல்ல என்ற வாசகத்தோடு ஒரு வரைவை எட்டினார். கட்சிக் கூட்டங்களில் மணிக்கணக்கில் எதிர்ப்பு. கழிப்பறைகள் என்னவாகும், விளையாட்டுப் பதக்கங்கள் என்னவாகும், வழக்குகள் குவியாதா என்று கேட்டார்கள். கடைசியில் பொதுக்குழு மட்டத்தில் மசோதா கிடப்பில் போடப்பட்டது. இது சித்தாந்தம் அல்ல, மனித உரிமை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம். 2023 பிப்ரவரியில் பிரதமர் ஃபுமியோ கிஷிதாவின் செயலர் ஒருவர் பாலினச் சிறுபான்மையினரை இழிவாகப் பேசிப் பதவி இழக்கவும், மே மாதம் ஹிரோஷிமாவில் ஜி7 மாநாடு வரவும், கட்சித் தலைமைக்கு அவசரம் பிறந்தது. ஜூன் 16-ஆம் தேதி சட்டம் நிறைவேறியபோது, வாசகம் 'முறையற்ற பாகுபாடு கூடாது' என்று நீர்த்திருந்தது. எல்லாக் குடிமக்களும் நிம்மதியாக வாழக் கவனம் செலுத்த வேண்டும் என்ற புதுப் பிரிவும் ஒட்டப்பட்டிருந்தது. தண்டனை எதுவும் இல்லாத அந்தச் சட்டத்தைப் பெரும்பான்மையின் அச்சத்துக்குத் தாழ்ந்துபோன சட்டம் என்று உரிமைக் குழுக்கள் குறைகூறின. நாட்டின் அடித்தளத்தையே அசைக்கும் சட்டம் என்று வலதுசாரிகள் கொதித்தார்கள். பல் இல்லாத ஒரு சட்டத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கொசெகியில் ஆணும் பெண்ணும் என்று எழுதிய தம்பதி என்ற அலகுக்கு வெளியே உள்ளவர்களைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்பதுதான் அவர்களுக்குச் சிக்கல். தண்டனைப் பிரிவு இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம் விஷயம்.

இனாடா மனம் மாறியவர் என்பது அவரது பகைவரும் புதிய நண்பரும் ஒரேபோலச் சொல்லும் கதை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நான்ஜிங் வழக்கையோ யசுகுனியையோ பற்றி அவர் எதையும் திரும்பப் பெறவில்லை. அந்த விஷயங்களில் சீனரும் கொரியரும் அவரை மன்னிக்கக் காரணமும் இல்லை. இறந்த இரண்டு அதிகாரிகளின் மானத்துக்காக வாதாடியதும், உயிரோடிருக்கும் தாய்மாரின் மானத்துக்காக வாதாடியதும் அவருக்கு ஒரே தொழிலின் இரண்டு வழக்குகளாகத் தோன்றியிருக்கலாம். கட்சிக்காரர்களைத்தான் யாருக்கு மானம் உண்டு என்ற பட்டியலின் நீளம் உறுத்தியது.

இப்போது அவர் ஈடுபாடு காட்டும் விஷயங்களில் ஒன்று மறுவிசாரணைச் சட்டத் திருத்தம். 1986-இல் ஃபுகுய் நகரில் நடுநிலைப் பள்ளி மாணவி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர், 2025 ஜூலையில் நகோயா உயர் நீதிமன்றத்தின் கனசாவா கிளையில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். கொலை நடந்த இரவு ஒரு தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் தாம் பார்த்ததாகச் சாட்சி சொன்ன காட்சி, அன்று ஒளிபரப்பாகவே இல்லை. அது அரசு வழக்கறிஞர்களுக்கு முன்பே தெரியும். அதைக் காட்டும் தாள் பல்லாண்டுகள் அவர்களிடமே கிடந்தது. அத்தகைய தாள்களை வெளியிடும் கடமையைச் சட்டமாக்க வேண்டும், மறுவிசாரணை தொடங்க நீதிமன்றம் எடுக்கும் முடிவுக்கு எதிராக அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யும் வழக்கத்துக்கு முடிவு கட்ட வேண்டும் என்று கோரும் அனைத்துக் கட்சி உறுப்பினர்களில் அந்தத் தொகுதியின் உறுப்பினரும் ஒருவர். ஜூபாவின் நாளறிக்கைகள் அழிந்துவிட்டன என்று சொன்ன அமைச்சகத்துக்கு ஒருகாலத்தில் தலைமை வகித்த அதே இனாடா.